ஆத்தாதிட்டுப் பறவைகள்

அந்தப் பேனரைப் பாத்தீங்களா சார்? இப்பத் தாண்டுனோமே, பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல. திரும்பிப் பாருங்க, இன்னும் தெரியுது. மாப்பிள்ளையும் பொண்ணும் நிக்கிறாங்க, சுத்தி ரோஸ் கலர்ல பொகை, பின்னாடி வானம் பூரா வெள்ளை வெள்ளையாப் பறவை. கல்யாணம் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, இன்னும் அவுக்கலை. த்தூ.

மன்னிச்சுக்குங்க சார். பஸ் சன்னலுக்கு வெளியதான் துப்புனேன். உங்க மேல படலையே?

அந்தப் பறவை எல்லாம் எங்க ஊருப் பறவை. அந்தப் போட்டு என் போட்டு. பொண்ணு கால்கிட்ட பச்சையா மூக்கு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கே, அதான். பக்கவாட்டுல 'சுகந்தி'ன்னு எழுதியிருப்பேன், என் பொண்ணு பேரு. அதைச் சரியாப் பாத்து வெட்டிட்டானுங்க. ஓரத்துல இருந்துட்டுப் போனா என்ன கொறைஞ்சிரும்? என் பொண்ணைப் பாக்கத்தான் இப்ப மன்னார்குடி போறேன். அவங்க அம்மா விசயமா. அது கடைசியில வருது, சொல்றேன்.

என் பேரு உத்திராபதி. ஊரு நெடுந்துறை. முத்துப்பேட்டை தாண்டிக் கெழக்கே வரணும். காவிரி எங்கெங்கயோ ஓடி, ஒண்ணு பத்தாப் பிரிஞ்சு, ஊரு ஊராப் பாய்ஞ்சு, மிஞ்சுன தண்ணி கடைசியா வந்து விழுற எடம் எங்க எடம். ஆறும் இல்ல, கடலும் இல்ல, ரெண்டும் கலந்து கெடக்கும். அதுல அலையாத்திக் காடு. சேத்துக்குள்ளேருந்து வேரு மேல பாத்து ஆணி மாதிரி நிக்கும், மூச்சு விடுறதுக்கு. கடல்மீனு உள்ள வந்து அந்த வேருக்குள்ள குஞ்சு பொரிச்சிட்டுப் போகும். இறாலு, நண்டு, மடவை, கெளுத்தி எல்லாம் அங்க வளந்துதான் கடலுக்குப் போகுது. சர்க்கார் காடுதான், காப்பாத்துற காடு, போர்டு வச்சிருக்கு. டூரிஸ்ட்டைப் போட்டுல ஏத்திக்கிட்டுப் போறதுக்கு எனக்குப் பர்மிட் இருக்கு.

காட்டுக்கு நடுவுல ஒரு மண்திட்டு. ஆத்தாதிட்டும்பாங்க. மேல ஒரு கல்லு, மஞ்சத்துணி, அவ்வளவுதான் கோயிலு. சுத்தி மரம். அந்த மரத்துலதான் கொக்கு, நாரை, வக்கா, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டும். பறவை சுள்ளி பொறுக்க ஆரம்பிச்சிருச்சுன்னா எங்க ஊருல மேளம் கெடையாது சார். வெடி கெடையாது. கல்யாணம்னாலும் சாவுன்னாலும் சத்தமில்லாமத்தான். பள்ளிவாசல்லயும் மைக்கைக் கடல் பக்கத்துலேருந்து ஊரு பக்கமாத் திருப்பி வச்சிருவாங்க. யாரும் போயிச் சொல்றதில்லை, அவங்களாவே செய்வாங்க. திட்டுக்கு முன்னாடி ஒரு மூங்கிலு நட்டிருக்கும். அதுக்கு அந்தாண்ட எஞ்சின் ஓட்டக்கூடாது. கழி ஊனித்தான் போகணும். குஞ்சு எல்லாம் பறந்து போன பின்னாடி பொம்பளைங்க திட்டுக்குப் போயி ஆத்தாளுக்குப் பொங்கல் வைப்பாங்க.

இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒருத்தன் போட்டுல வந்தப்ப சொன்னான். பறவை எச்சம் விழுற தண்ணியிலதான்டா இறாலு கொழுக்குதுன்னேன். மூக்கைப் பொத்திக்கிட்டான். வர்றவன் பூரா மூக்கைப் பொத்துறான் சார். நாத்தமாம். குடிச்ச பாட்டிலைத் தண்ணியில எறிவான், பிரியாணி எலும்பை மரத்தடியில போடுவான், குழந்தைக்குக் கட்டுன பேம்பரைச் சுருட்டி வேருல சொருகிட்டுப் போவான். அது நாறலை, என் கொக்கு நாறுது! எனக்கு வர்ற கோவத்துக்கு... விடுங்க.

கஜா புயலு வந்துச்சே, அதுல காடு படுத்துருச்சு. பச்சைன்னு ஒண்ணு இல்ல, எல்லாம் எரிச்ச மாதிரி கருகிப்போச்சு. பறவை வர்றதும் நின்னு போச்சு. அப்புறம் எங்க ஊருப் பொம்பளைங்கதான் வெதை பொறுக்கிக் காடு நட்டாங்க. என் தங்கச்சி அஞ்சலை முன்னாடி நிப்பா. சேத்துல கையால இறாலு தடவிப் பிடிக்கிறவ, இறாலு போடுற ஓலைப்பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நாளெல்லாம் தண்ணியில நிக்கிறவ. புருசன் செத்து, புள்ளை குட்டி இல்லாம தனியா இருக்கா. என் வீட்டுக்காரி தவமணியும் போனா. வெதைச் சாக்கையும் மரக்கன்னையும் ஏத்திக்கிட்டுப் போனது யாரு? நான்தான். இதே போட்டுலதான். அதை எவளாவது இப்ப பேசுறாளா?

பறவை வரலை. அடுத்த வருசமும் வரலை. அஞ்சலை தினம் போயிப் பாத்துட்டு வந்து, 'இன்னிக்கும் இல்லண்ணே'ம்பா. அப்படியே பல வருசம் போச்சு. இந்தத் தைக்கு முன்னாடிதான் சார், ஒரு நாளு காலையில ஊரே துறைக்கு ஓடுது. போயிப் பாத்தா, கொக்கு வாயில சுள்ளி. ஒண்ணு ரெண்டு இல்ல, திட்டு முழுக்க. அஞ்சலை தண்ணிக்குள்ள உக்காந்துட்டா, அழுவுறா. தவமணி அவளைக் கட்டிக்கிட்டு அழுவுறா. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஏன் பொய் சொல்லணும்.

அதுங்க குஞ்சு பொரிச்ச சமயத்துலதான் இந்தக் கருமம் புடிச்சவனுங்க வந்தானுங்க.

மாப்பிள்ளையோட அப்பா கண்ட்ராக்டரு. எங்க துறைக்குச் சிமெண்டுப் படி கட்டிக் குடுத்தவரு அவருதான். அவரே போன் பண்ணி, 'உத்திராபதி, நம்ம பையன் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கணும், பறவை இருக்காமே, கொஞ்சம் காட்டிட்டு வா'ன்னாரு. அவ்வளவு பெரிய மனுசன் பேரைச் சொல்லிக் கூப்புடுறாரு. மாட்டேன்னா சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க. சரி, தூரத்துலேருந்து காட்டிட்டு வந்துரலாம்னுதான் நெனைச்சேன்.

வந்தானுங்க. பொண்ணுக்குத் தரையில இழுபடுற மாதிரி ஒரு கவுனு. சேத்துக்கு வர்றவ உடுத்துற துணியா அது? மாப்பிள்ளை கண்ணாடியைக் கழட்டவே இல்லை. போட்டோக்காரன் ஒருத்தன், வெறகுக்கட்டு மாதிரி சாமானு. ஏறுனதுலேருந்து அந்தப் பொண்ணு, 'ஐயே, என்ன ஸ்மெல்லு'ன்னு செண்டை அடிச்சுக்கிட்டே வருது. காத்துல அடிக்குது, என் வாயில வந்து விழுது.

மூங்கிலுக்குப் பக்கம் வந்தாச்சு. அங்க தண்ணியில அஞ்சலை நிக்கிறா, பறியைக் கடிச்சுக்கிட்டு. என்னைப் பாத்ததும் பறியை வாயிலேருந்து எடுத்தா.

'அண்ணே, எஞ்சினை அணை.'

அணைச்சேன் சார். ஒடனே அணைச்சேன். அதைக் கேக்க ஆளில்லை. கழியைக் கையில எடுத்துட்டேன். அப்பதான் அந்தப் போட்டோக்காரன், 'அண்ணே, வெளிச்சம் போயிரும்ணே, இப்படித் தள்ளிக்கிட்டுப் போனா எப்பப் போயிச் சேர்றது'ன்னான். அவன் வேலை அவனுக்கு. வெளிச்சம் போயிருச்சுன்னா கண்ட்ராக்டரு என்னையில்ல கேப்பாரு? கொஞ்ச தூரம்தானேன்னு மறுபடி எஞ்சினைப் போட்டேன். சின்னதாத்தான். அஞ்சலை பின்னாடி கத்துனா. எஞ்சின் சத்தத்துல என்னன்னு காதுல விழலை.

திட்டுக்கிட்ட போனோம். முக்காவாசிக் கூட்டுல குஞ்சு, மிச்சத்துல முட்டை. தாய் வாயிலேருந்து வாங்கித் திங்குற சத்தம், கெக் கெக் கெக்னு. எவ்வளவு அழகு தெரியுமா சார் அது? இவனுங்களுக்கு அது தெரியலை. போட்டோக்காரன் எதையோ கொளுத்துனான், ரோஸ் பொகை கெளம்புச்சு. மரத்துக்குள்ள போயி அப்புது. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அப்ப அந்தப் பொண்ணு சொல்லுது, 'பறக்கலையேங்க?'

தாய்ப்பறவை குஞ்சை விட்டுட்டு எங்க பறக்கும்? கூட்டு மேலயே றெக்கையை விரிச்சு உக்காந்துக்குச்சு. மாப்பிள்ளை கையைத் தட்டுறான். ஓ ஓன்னு கத்துறான். பறக்கலை. போட்டோக்காரன் என்னைப் பாத்து, 'அண்ணே, போட்டுல ஹார்ன் இருக்கா?'ன்னான்.

'அதெல்லாம் இல்லப்பா'ன்னு வெடுக்குனு சொன்னேன். என் மூஞ்சி அப்படி இருந்துச்சு, அவனே பயந்துட்டான்.

'அப்ப எஞ்சினை ஒரு முறுக்கு முறுக்குங்கண்ணே.'

முறுக்குனேன். அவன் கேட்டதாலதான் முறுக்குனேன், நானாவா முறுக்குனேன்? ஒரே ஒரு தடவை. கூடவே மாப்பிள்ளை ஒரு வெடியைப் பத்த வச்சுத் தூக்கிப் போட்டான் சார். வெடிதான் காரணம். எஞ்சின் சத்தத்துக்கெல்லாம் அவ்வளவு பறவை எழும்பாது, எனக்குத் தெரியும்.

எழும்புச்சு பாருங்க. காடே எழும்புன மாதிரி. வெளிச்சமே மறைஞ்சு போச்சு. அந்தப் போட்டோதான் பேனருல இருக்கு.

நீங்க பேனருல மேல பாத்தீங்க. கீழ என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். பொத்து பொத்துனு விழுது. எறகு மொளைக்காத குஞ்சு, செக்கச் செவேல்னு, சேத்துல விழுந்து நெளியுது. முட்டை விழுந்து வேருல ஒடைஞ்சு மஞ்சக்கரு வழியுது. காக்கா எங்கேருந்துதான் வந்துச்சோ, பருந்து வந்துருச்சு. கண்ணு முன்னாடி கொத்துது. அந்தப் பொண்ணு, 'ஐயோ பாவம், ஐயோ பாவம்'னு கத்துது, செல்லுல வீடியோ எடுக்குது. கவுனுல ஒரு சொட்டு எச்சம் விழுந்துருச்சு. அதுக்குத்தான் சார் அழுதுச்சு. குஞ்சுக்கு இல்ல. அந்தக் கவுனுக்கு.

த்தூ. இந்தா, மறுபடி துப்பிட்டேன். நெனைச்சாலே வாயில ஊறுது.

திரும்பி வர்றப்ப அஞ்சலை எதுத்தாப்புல வர்றா. கழுத்து வரைக்கும் தண்ணி, நீந்தாத கொறையா வர்றா. பறியில இருந்த இறாலை அப்படியே தண்ணியில கொட்டிட்டா. நான் எஞ்சினைக் கொறைச்சு, 'ஏறு, கரைக்குப் போவோம்'னேன். என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை. திட்டுக்குப் போயி, விழுந்த குஞ்சைப் பறியில பொறுக்கி மரத்துல ஏறி ஏறிக் கூட்டுல வச்சிருக்கா. எந்தக் குஞ்சு எந்தக் கூடுன்னு யாருக்குத் தெரியும்? பிரயோசனம் இல்லாத வேலை. தாய் வந்தால்ல அதுங்க பொழைக்கும்? மேலயே சுத்துச்சு, சுத்துச்சு. பொழுது சாயுற வரைக்கும் சுத்துச்சு. மறுநாளு பாதி இல்லை. அதுக்கு மறுநாளு திட்டு காலி.

அப்புறம் வந்துச்சு நாத்தம். சும்மா சொல்லக்கூடாது, அதுதான் நாத்தம். காத்து திரும்புனா ஊருக்குள்ள சோறு எறங்காது. அந்தப் பொண்ணைக் கூட்டியாந்து அதை மோந்து பாக்கச் சொல்லணும்.

வலைக் கொட்டகையில ஊர்க்கூட்டம் போட்டாங்க. மொத ஆளா எந்திரிச்சது யாரு? நான்தான். 'கண்ட்ராக்டரு மேல கேசு போடணும், பெரிய மனுசன்னா என்ன வேணும்னாலும் பண்ணிருவானா, ஊரு என்ன செத்தா போச்சு'ன்னு கேட்டேன். தொண்டை கட்டிப்போச்சு. ஒவ்வொருத்தனும் தரையைப் பாக்குறான், வலையைப் பாக்குறான். எனக்குச் சந்தேகம், இவனுங்களையும் கண்ட்ராக்டரு வளைச்சுட்டாரோன்னு.

அஞ்சலை எந்திரிச்சா. அவ கூட்டத்துல பேசுனதே கெடையாது.

'போட்டை ஓட்டுனது யாருண்ணே?'

'அடி இவளே, நான் ஓட்டலைன்னா வேற எவனாவது ஓட்டியிருப்பான்டி'ன்னேன்.

'வேற எவன்? பேரைச் சொல்லு.'

இது ஒரு கேள்வியா சார்? நெடுந்துறையில போட்டு வச்சிருக்கறவன் எல்லாரும்தான். நான் சுத்திப் பாத்தேன். நம்ம பக்கிரிசாமி, அவனும் போட்டுக்காரன்தான், அவன் பேரைச் சொல்லலாம்னு பாத்தேன். அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். சரி, கூட்டத்துல எதுக்கு ஒருத்தன் பேரைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். அவ்வளவுதான், எல்லாரும் எந்திரிச்சுத் துண்டை ஒதறிக்கிட்டுப் போயிட்டாங்க. தண்டனை உண்டா? இல்லை. தீர்ப்பு உண்டா? இல்லை. ஒண்ணுமே சொல்லாமப் போனா என்ன அர்த்தம்? ஆம்பளையா இருந்தா திட்டிட்டுப் போ.

அதுலேருந்து என் பக்கத்துல ஒருத்தனும் போட்டைக் கட்டுறதில்லை. நான் டீக்கடைக்குப் போனா பேச்சு நிக்குது.

கல்யாணத்துக்குப் போனேன். ஆமா, போனேன். பத்திரிகை வச்சாரு, போகலைன்னா மரியாதையா? அவரு பண்ணுனது தப்புங்கறது வேற, பத்திரிகைங்கறது வேற. மண்டப வாசல்ல இதே போட்டோவை எங்க ஊட்டு ஒசரத்துக்கு வச்சிருந்தான். கறி சரியா வேகலை. மாப்பிள்ளைகிட்ட போயி, 'தம்பி, நான்தான் போட்டு'ன்னேன். 'எந்த போட்டு?'ன்னான். கண்ட்ராக்டரு கையை எடுத்துக் கும்புட்டுட்டு அடுத்த ஆளைப் பாத்துட்டாரு. எல்லாம் அப்படிப்பட்ட ஜென்மம்.

வீட்டுக்கு வந்து தவமணிகிட்ட சொல்றேன், இப்படி இப்படின்னு. சோத்தை வச்சா, போயிட்டா. அவ பேசுறதே இல்லை சார். சமைப்பா, தொவைப்பா, கேட்டதை எடுத்து வைப்பா. பேச்சு மட்டும் கெடையாது. வெதை நட்ட காலத்துல அவ கையில சிப்பி கிழிச்ச தழும்பு இருக்கு, அதைத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பா. நான் என்ன பண்ணுவேன்? பேனருக்கு நானா போட்டோ எடுத்தேன்?

சித்திரை பொறந்துச்சு. பறவையே இல்லை, இந்த வருசம் என்ன பொங்கல்னு நெனைச்சேன். ஆனா பொம்பளைங்க வைக்கிறதுன்னு பேசிட்டாங்க. சரி, நல்லதுதானே. பழைய கோவத்தை எல்லாம் விட்டுட்டு ஒத்துமையாப் போவோம்னு நான்தான் மொத அடி எடுத்து வச்சேன். போட்டைக் கழுவுனேன். மாவிலை கட்டுனேன். எஞ்சினைக் கழட்டி வீட்டுல வச்சுட்டேன் சார், கழியை மட்டும் எடுத்துக்கிட்டேன். அதைக்கூட யாரும் பாக்கலை. விடியறதுக்குள்ள துறையில கொண்டாந்து நிறுத்திட்டேன்.

வந்தாங்க எல்லாரும். தலையில பானை, இடுப்புல வெறகு. அஞ்சலை முன்னாடி.

'வாங்க, ஏறுங்க. எல்லாருக்கும் எடம் இருக்கு. ரெண்டு நடை அடிச்சாப் போதும்'னேன்.

அஞ்சலை நின்னா. போட்டைப் பாத்தா, மாவிலையைப் பாத்தா.

'வேண்டாண்ணே. வத்தம்தான். நடந்து போயிக்கிறோம்.'

வத்தம்னா தண்ணி எறங்கியிருக்குற நேரம். தண்ணி எறங்குனா என்ன ஆகும்? சேறு. வெறும் சேறு. கால் வச்சா இடுப்பு வரைக்கும் முழுங்குற சேறு சார் அது. உள்ள சிப்பி இருக்கும், கெளுத்தி முள்ளு இருக்கும். என் போட்டு சும்மா நிக்குது, கழுவி, தொடைச்சு, மாவிலை கட்டி. இவளுங்க சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒருத்தி பின்னாடி ஒருத்தியா அதுல எறங்குறாளுங்க. வயசான பொம்பளைங்க, முட்டி வலிக்காரிங்க. ஒருத்தி விழுந்து எந்திரிக்கிறா, மூஞ்சியெல்லாம் சேறு, அவளைத் தூக்கி விட்டுட்டுப் பானையை மட்டும் நனையாமப் புடிச்சுக்கிட்டுப் போறாங்க. பாக்கவே அசிங்கமா இருக்கு. மனுசங்க பண்ற காரியமா அது?

கடைசியா தவமணி வந்தா. எனக்குத் தெரியும், அவளாவது ஏறுவான்னு. கையை நீட்டுனேன். கட்டுன பொண்டாட்டி சார். அவ போட்டுப் பக்கத்துல வந்து நின்னா. என்னைப் பாத்தா. எத்தனை மாசத்துக்கு அப்புறம் என் மூஞ்சியைப் பாக்குறா. குனிஞ்சு ரெண்டு செருப்பையும் கழட்டி, என் போட்டு விளிம்புல வச்சா.

'இதைப் பாத்துக்க. திரும்பி வர்றப்ப எடுத்துக்கிறேன்.'

பேசிட்டா பாருங்க! பேசுன பேச்சு இதுதான். சொல்லிட்டு எறங்கிட்டா. தொடை வரைக்கும் போச்சு, அப்புறம் இடுப்பு வரைக்கும் போச்சு. திரும்பிப் பாக்காமப் போறா.

நான் என்ன பண்றது? போட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்னா செருப்பைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். உக்காந்திருந்தேன். வெயிலு ஏறுது. தூரத்துல திட்டுல பொகை தெரியுது, கொலவை கேக்குது. பறவை ஒண்ணு இல்லை, மரம் மட்டும் வெள்ளை வெள்ளையா எச்சத்தோட நிக்குது. துறைக்கு வந்தவன் போனவன் எல்லாம் பாக்குறான், மாவிலை கட்டுன போட்டுல ஒருத்தன் பொம்பளைச் செருப்புக்குக் காவலு உக்காந்திருக்கான். அந்தச் செருப்புலயும் சேறு தெறிச்சிருந்துச்சு. கெடக்குதேன்னு, நல்ல தண்ணி வச்சிருந்தேன் குடிக்க, அதை ஊத்திக் கழுவி, என் துண்டால தொடைச்சு, ஜோடியா வச்சேன்.

மதியத்துக்கு மேல வந்தாங்க. தவமணி வந்தா. சேறு காஞ்சு மண்ணுச்சிலை மாதிரி இருந்தா. செருப்பைப் பாத்தா. கழுவியிருக்குறதைப் பாத்தா. கையில எடுத்துக்கிட்டா.

கால்ல போடலை சார். அந்தச் சிமெண்டுப் படி நெருப்பா சுடுது, அதுக்கு மேல தார் ரோடு. வெறுங்காலோட, செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு, வீடு வரைக்கும் நடந்து போனா. நான் பின்னாடியே போனேன். 'போட்டுக்கடி, கால் பொரிஞ்சு போகும், சுத்தமாத்தான்டி கழுவி வச்சிருக்கேன்'னேன்.

இதைத்தான் பொண்ணுகிட்ட போயிக் கேக்கப் போறேன். நான் கழுவுன செருப்பு சார். துண்டால தொடைச்சு வச்சேன். அதுல என்ன அசிங்கத்தைக் கண்டா?